பெப்டைட் சீரமும் அத்தையின் கேள்வியும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் போன தை மாதத்திலிருந்து இரண்டு சீசாக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று, என் மாமியாருக்குத் தினமும் போடும் இன்சுலின். மற்றது, யாருக்கும் சொல்லாமல் நான் வாங்கி, கறிவேப்பிலை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த முகச் சீரம். இன்சுலின் எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சீரத்துக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கிய எனக்கே தெரியாது! அதைத் தெரிந்துகொண்ட கதையைத்தான் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

எனக்கு வயது 46. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்படி, மொட்டை மாடி, ரேஷன் கடை என்று வெயிலிலும் அனலிலும்தான் வாழ்க்கை. முகத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டவள் இல்லை. நாத்தனார் மகள் வளைகாப்பில் தூரத்து உறவுக்காரி ஒருத்தி, நாலு பேர் நடுவில், "ஏன்டி, முகம் இப்படி வாடிப்போச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டாள். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. எழுந்து எழுந்து போய்க் கண்ணாடியைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் என் கையில் சீட்டுப் பணம் கொஞ்சம் இருந்தது. கண் டாக்டர், "வெள்ளெழுத்து வந்தாச்சு. கண்ணாடி போட்டுக்கணும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்து ஆறு மாதமாகியிருந்தது. அதற்கென்று ஒதுக்கிய பணம் அது. மூக்குக் கண்ணாடி போட்டால் இன்னும் கிழவி மாதிரி தெரியுமே என்று தோன்றியது. கடைத்தெருவில் ஓர் அழகுசாதனக் கடையில் நுழைந்தேன். கடைப் பெண் ஒரு சின்னச் சீசாவை எடுத்து வைத்து, "பெப்டைட் சீரம் மேடம். உள்ளே போய் கொலாஜனை வளர்த்துவிடும்" என்றாள். 30 மில்லி, 2,400 ரூபாய். கொலாஜன் என்றால் என்ன என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு காலை நேரத்துப் பதற்றம்

அத்தைக்கு காலையில் 18 யூனிட் இன்சுலின். சிரிஞ்சில் கோடு பார்த்து ஏற்றுவது என் வேலை. ஒருநாள் ஏற்றிக்கொண்டு போகும்போது, லீவுக்கு வந்திருந்த என் மூத்த மகள் தற்செயலாகப் பார்த்து, "அம்மா! என்னம்மா இது? 28 ஏத்தியிருக்கே!" என்று கையைப் பிடித்தாள்.

எனக்குக் கை கால் ஆடிப்போய்விட்டது. பத்து யூனிட் கூடுதலாக உள்ளே போயிருந்தால் வயசான உடம்பில் சர்க்கரை சடாரென்று இறங்கி, அத்தை மயங்கியே விழுந்திருப்பார். கோடு எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

"கண்ணாடி வாங்கலையா? சீட்டுப் பணம் என்ன ஆச்சு?" என்று அவள் கேட்க, மறைக்க முடியவில்லை. கறிவேப்பிலை டப்பாவுக்குப் பின்னாலிருந்து சீசாவை எடுத்துக் கொடுத்தேன். அவள் பி.ஃபார்ம். மூன்றாம் வருஷம் படிக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அட்டைப் பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த எழுத்து எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது.

பெப்டைட் என்றால் பூச்சரம்

மத்தியானம் அத்தை முற்றத்தில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். மகள் அங்கே போய் உட்கார்ந்து, அந்தப் பூவை வைத்தே எங்கள் இருவருக்கும் பாடம் நடத்தினாள். அது எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததால் அப்படியே எழுதுகிறேன்.

நாம் சாப்பிடும் பருப்பு, பால், மீன் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம், அமினோ அமிலம் என்ற சின்னச் சின்னப் பூக்களைத் தொடுத்த மாலை. நம் உடம்பின் புரதங்களைத் தொடுக்க முக்கியமாக 20 வகைப் பூக்கள் போதும். மாலை நீளமாக இருந்தால் புரதம். அதே பூக்களைக் குட்டையாக, இரண்டு மூன்று முதல் சில பத்துகள் வரை தொடுத்த சரம்தான் பெப்டைட். தோலின் உள்ளடுக்கில் தோலைத் தொய்யாமல் தாங்கி நிற்கும் கயிறு போன்ற புரதத்துக்குத்தான் கொலாஜன் என்று பெயர். வயது ஆக ஆகவும், அதைவிட முக்கியமாக வெயில் படப் படவும், அந்தக் கயிறு நைந்து போகிறது. அதனால்தான் சுருக்கம்.

இந்தச் சரத்தை ஆய்வுக்கூடத்தில் கையாலேயே தொடுக்க முடியுமா? முடியும். உடம்பில் சுரக்கும் பெப்டைட் ஹார்மோன் ஒன்றையே 1953-ல் அப்படித் தொடுத்துக் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு விக்னோ. அவர் செய்தது ஆக்ஸிடோசின், ஒன்பது பூச்சரம். பிரசவ வலி வருவதற்காக ட்ரிப்ஸில் போடுகிறார்களே, அதுவேதான்! அதற்காக 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளை பெற்ற எத்தனையோ பேர் உடம்பில் ஆய்வுக்கூடத்துப் பெப்டைட் ஏற்கெனவே ஓடியிருக்கிறது என்று இதனால் தெரிகிறது. ஆய்வுக்கூடத்தில் செய்தது என்பதாலேயே ஒன்று கெட்டதும் இல்லை, உசத்தியும் இல்லை.

ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு பூவாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து எடுப்பது பெரும்பாடு. 1963-ல் ப்ரூஸ் மெரிஃபீல்ட் என்பவர் நியூயார்க்கில் ஒரு சுலப வழி கண்டார். நாம் வாழைநாரின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பூத் தொடுப்பதில்லையா? அதே யுக்திதான். முதல் பூவைப் பொடியான பிளாஸ்டிக் மணி ஒன்றில் பிணைத்துவிட்டார். அடுத்தடுத்த பூவைக் கோத்து, வேண்டாத மிச்சத்தைக் கழுவிவிட்டாலும் சரம் மணியோடு ஒட்டியே நிற்கும். முடிந்ததும் மணியிலிருந்து அறுத்து எடுத்துவிடலாம். 1984-ல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று க்ரீமில் சேர்க்கும் குட்டிப் பெப்டைட்கள் பலவும் இந்த வழியில் செய்யக்கூடியவையே.

"இது மாமிசமோ?" என்று அத்தை கேட்டார். சரியான கேள்விதான். கொலாஜன் என்று விற்பதை மாட்டுத்தோல், மீன்தோலிலிருந்து எடுப்பது உண்டு. இந்த மாதிரி ஆய்வுக்கூடச் சரத்துக்கு ஆட்டையோ மாட்டையோ அறுக்கத் தேவையில்லை.

என் சீசாவில் இருந்தது என்ன?

என் சீரத்தில் இரண்டு பெப்டைட்கள் இருந்தன. முதலாவது, பால்மிடாயில் பென்டாபெப்டைட்-4. "பென்டா" என்றால் ஐந்து பூ. ட்ரை என்றால் மூன்று, டெட்ரா நான்கு, ஹெக்ஸா ஆறு. கடைசியில் வரும் 4 என்பது நாலு சதவிகிதம் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். ஒரே நீளமுள்ள சரங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல வைத்த எண், அவ்வளவுதான். ஆகவே 4-ஐவிட 8 நல்லது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். "பால்மிடாயில்" என்பது பாமாயிலில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலத்தைச் சரத்தின் நுனியில் முடிச்சுப் போட்டிருப்பது. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் கொஞ்சமாவது இறங்கட்டும் என்ற யோசனை.

இந்த ஐந்து பூவும் கொலாஜன் மாலையின் ஆரம்ப வடிவத்தில் உள்ள ஒரு துண்டு. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த தோல் செல்களில் இது கொலாஜன் உற்பத்தியைத் தூண்டியதை 1993-ல் கண்டார்கள். "மாலை அறுந்துவிட்டது, புதிதாகத் தொடு" என்று செல்லுக்குச் சேதி சொல்வது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தட்டில் நேரே ஊற்றுவது வேறு, முகத்தின் மேல் தடவுவது வேறு.

இரண்டாவது, எஸ்.எச்.-ஒலிகோபெப்டைட்-1. "எஸ்.எச்." என்றால் மனித உடம்பில் இருப்பதன் அச்சில் செயற்கையாகச் செய்தது என்று பொருள். மனிதரிடமிருந்து எடுத்தது இல்லை. இதற்கு 53 பூ. தோல் செல்களை வளரத் தூண்டும் பொருள். ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி இதன் மூலத்தை 1962-ல் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்டறிந்தார். 1986-ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு. இவ்வளவு நீளச் சரத்தைப் பொதுவாகக் கையால் தொடுப்பதில்லை. அதற்கான மரபணுவைப் பாக்டீரியா போன்ற கிருமிக்குள் வைத்து, அதையே தொடுக்க வைக்கிறார்கள்.

"பாட்டி, உங்க இன்சுலினும் இந்த மாதிரி செஞ்சதுதான். அதுக்கு 51 பூ" என்று மகள் முடித்தாள்.

அத்தை பூவைக் கீழே வைத்தார். "ஏன்டி கண்ணு, அவளோட அம்பத்துமூணு பூ மேலே தடவினாலே உள்ளே போகும்னா, என்னோட அம்பத்தோரு பூ போகாதா? எனக்கும் அப்படியே தடவிவிட வேண்டியதுதானே? தெனமும் எதுக்கு வயித்துல குத்தறீங்க?"

மகள் கைதட்டிச் சிரித்தாள். "பாட்டி, எங்க க்ளாஸ்லகூட யாரும் இப்படிக் கேக்கல!"

தோல் என்ற கதவு

அத்தையின் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தோலின் மேல் ஓடு ரொம்ப மெல்லியது, முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. ஆனால் வெளியிலிருந்து கண்டது உள்ளே வராமல் காப்பதுதான் அதன் வேலை. எடை சுமார் 500 டால்டனுக்கு மேல் போனால் ஒரு பொருள் நல்ல தோலைத் தாண்டிப் போவது அரிது என்று 2000-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். டால்டன் என்பது அணு அளவுக்கான எடைக்கல். இன்சுலின் கிட்டத்தட்ட 5,800. அதனால்தான் ஊசி. என் சீரத்தின் 53 பூச்சரம் அதைவிடவும் கனம். முழுக் கொலாஜனோ சுமார் 3 லட்சம்! கொலாஜன் க்ரீமைத் தடவினால் அது மேலேயே படிந்து ஈரத்தைக் காக்கும். உள்ளே போய்க் கொலாஜனோடு சேராது.

புண்ணில் கதை வேறு. அங்கே கதவு திறந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு இதே 53 பூச்சரத்தைக் களிம்பாக டாக்டர்கள் தருவது உண்டு. மூடிய கதவுள்ள முகத்தில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

ஐந்து பூச்சரம், கொழுப்பு முடிச்சோடு சேர்த்து, சுமார் 800. ஆக அதுவும் 500-க்கு மேல்தான். ஆனால் அதைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 35 முதல் 55 வயது வரையுள்ள 93 பெண்களுக்கு முகத்தில் ஒரு பக்கம் சாதா க்ரீமும், மறுபக்கம் இந்தப் பெப்டைட் சேர்த்த அதே க்ரீமும் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. 12 வாரம் கழித்துப் பார்த்ததில், பெப்டைட் பக்கத்தில் மெல்லிய கோடுகள் கொஞ்சம் குறைந்திருந்தன. கொஞ்சம்தான். ஆராய்ச்சியை நடத்தியவர்களும் க்ரீம் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே. சேர்த்த அளவு எவ்வளவு தெரியுமா? பத்து லட்சத்தில் 3 பங்கு. 1,000 கிலோ க்ரீமுக்கு 3 கிராம். 50 கிராம் டப்பாவில் தூள் உப்பில் இரண்டு மூன்று துகள் அளவு!

ஆகவே பெப்டைட் என்பது வெறும் பொய் இல்லை. கடைப் பெண் சொன்ன மந்திரமும் இல்லை. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நம் நாட்டின் 1940-ஆம் வருஷத்து மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டப்படி, அழகுசாதனம் என்பது சுத்தம் செய்யவும், அழகுபடுத்தவும், தோற்றத்தை மாற்றவும் பூசுவது. நோயைக் குணப்படுத்துவதும், உடம்பின் அமைப்பையே மாற்றுவதும் மருந்தின் பாடு. அதனால்தான் பொருள்களின் பட்டியல்களில் பெப்டைட்டின் வேலையை "ஸ்கின் கண்டிஷனிங்" என்று அடக்கமாகக் குறிக்கிறார்கள். தோலை நல்ல பதத்தில், மிருதுவாக வைப்பது என்று பொருள். கொலாஜனை வளர்ப்பது என்பது விளம்பரத்தின் பேச்சு.

"அப்போ என் முகம் வழவழன்னு ஆச்சே, அது பொய்யா?" என்று கேட்டேன். நிஜமாகவே ஆகியிருந்தது. மகள் பெட்டியைக் காட்டினாள். முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின். பெப்டைட்கள் இரண்டும் கடைசி வரியில். "வழவழப்பு பெரும்பாலும் கிளிசரின் பண்ணின வேலைம்மா. அதுக்கு 2,400 ரூபாய் வேண்டாம்."

நான் செய்தது

அன்று சாயங்காலமே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிஞ்ச் விஷயத்தைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ முகத்துக்கு வாங்கினது தப்பில்லே. கண்ணுக்கு வாங்காம விட்டதுதான் தப்பு" என்றார். மறுநாள் கண்ணாடிக் கடைக்கு அவரே கூட்டிப்போனார்.

சீரத்தைக் கொட்டவில்லை. தீரும் வரை போட்டேன். மறுபடி வாங்கவில்லை. இன்சுலினை மட்டும் தனி டப்பாவில் வைத்துவிட்டேன்.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

• பெட்டியில் உள்ள பட்டியலைப் படியுங்கள். 2020-ஆம் வருஷத்து அழகுசாதன விதிகளின்படி, 1 சதவிகிதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். 1 சதவிகிதமும் அதற்குக் கீழும் உள்ளவை அவற்றின் பின்னால் எந்த வரிசையிலும் வரலாம்.

• ஃபினாக்ஸிஎத்தனால் என்பது க்ரீம் கெட்டுப்போகாமல் காக்கச் சேர்ப்பது. பொதுவாக 1 சதவிகிதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்குப் பின்னால் பெப்டைட் பெயர் வந்தால் துளி அளவு என்று புரிந்துகொள்ளலாம்.

• "காப்பர் ட்ரைபெப்டைட்-1" என்று கண்டால், அது செம்பைப் பிடித்திருக்கும் மூன்று பூச்சரம். மனித ரத்தத்தில் இது இருப்பதை 1973-ல் கண்டுபிடித்தார்கள். செம்பினால் சீரம் நீலமாக இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

• சுருக்கத்துக்கு முதல் எதிரி வெயில். மாடியில் துணி உலர்த்தவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் போகுமுன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீன் போடுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும். குடையும் புடவைத் தலைப்பும் இருக்கவே இருக்கின்றன.

• குளித்துத் துடைத்த ஈரத்தோடு ஒரு சாதா மாய்ஸ்சரைசர் தடவினாலே வறட்சி போகும்.

• புதிதாக எதை வாங்கினாலும் முன்கையின் உட்பக்கம் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்து, அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போடுங்கள்.

• ரெட்டினால், ட்ரெட்டினாயின் க்ரீம்கள் வேறு இனம். கர்ப்பமாக இருப்பவர்கள் அவற்றைத் தொடக் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்களும், குழந்தைக்குத் தயாராகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

• முகத்தில் படை, திடீர்க் கருமை, ஆறாத புண் என்றால் கடைக்குப் போகாதீர்கள். தோல் டாக்டரிடம் போங்கள்.

ஆசைக்கு ஒரு சீரம் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. நமக்கென்று ஒரு பொருள் வாங்க நமக்கு உரிமை இல்லையா என்ன? ஆனால் நாலு பேர் சொன்ன ஒரு சொல்லுக்காக, அவசியமான ஒன்றை ஒத்திப்போட்டு வாங்காதீர்கள். நான் ஒத்திப்போட்டதற்கு அத்தை விலை கொடுத்திருப்பார்.

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் முகத்தைத்தான் பார்த்தேன். சுருக்கமெல்லாம் முன்னைவிடத் தெளிவாகவே தெரிந்தது! அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்து, "டீச்சரம்மா மாதிரி லட்சணமாத்தான் இருக்கே. சரி, சரி, என்னோட அம்பத்தோரு பூவைக் கொண்டா" என்றார். சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தேன். 18-ஆவது கோடு பளிச்சென்று தெரிந்தது.